ரெனசான்ஸ் உடை: பையில் வருவதா, அடுக்கடுக்காக வாங்குவதா?

அக்டோபர் பிறந்தால் அமெரிக்கக் கடைகளில் ராணி, பிரபு, விடுதிப் பணிப்பெண் என்று படம் ஒட்டிய பிளாஸ்டிக் பைகள் தொங்கும். முழு உடையும் ஒரே பையில் இருக்கும். வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவில் மூன்று மணி நேரம் போட்டுக் கழற்ற அது தாராளமாகப் போதும். அதையே மாட்டிக்கொண்டு டெக்சாஸ் ரெனசான்ஸ் திருவிழாவுக்கோ மேரிலாந்தின் கிரவுன்ஸ்வில் திருவிழாவுக்கோ போனால் மதியத்துக்கு மேல் தாங்காது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியர் போல உடுத்திக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை மண்ணிலும் புல்லிலும் நடக்க வேண்டிய இடங்கள் அவை. டெக்சாஸில் அக்டோபரிலும் 30 டிகிரி வெயில் அடிக்கும்.

பை உடை எங்கே தோற்கிறது என்று பார்த்தால், முதலில் துணி. பளபளக்கும் பாலியஸ்டர் வெல்வெட் வியர்வையை உறிஞ்சாது, காற்றையும் விடாது. அடுத்தது கை. அக்குள் வளைவை மிகவும் இறக்கி வெட்டியிருப்பார்கள். அதனால் கையைத் தூக்கினால் மொத்த உடையும் மேலே ஏறும். அந்த இழுப்பு முழுவதும் முதுகு ஜிப்பில் விழுந்து, அது இடுப்புக்கு அருகில் பிய்த்துக்கொள்ளும். மார்பில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும் கயிறு பெரும்பாலும் சும்மா தைத்து ஒட்டியது. அதை இழுத்து இறுக்கவோ தளர்த்தவோ முடியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அக்குள் தையலைப் பிரித்து, பத்து செ.மீ. சதுரத் துணியைச் சாய்சதுரமாக வைத்துத் தைத்தால் கை விடுபடும். பதினாறாம் நூற்றாண்டுச் சட்டைகளிலும் இப்படித்தான் தைத்தார்கள்.

பணத்தை முதலில் போட வேண்டியது, வெளியே அதிகம் தெரியாத உள்சட்டையில்தான். அதற்குப் பெயர் ஷிமீஸ். நம் வீடுகளில் பெண் குழந்தைகளுக்குப் போடும் சிம்மீஸ் அதே சொல்தான். வியர்வையை வாங்கிக்கொள்வது, மேலாடை தோலில் உரசாமல் காப்பது, துவைக்க எளிதாக இருப்பது எல்லாம் இதன் வேலை. லினன் சிறந்தது, மெல்லிய பருத்தியும் பரவாயில்லை. தைக்கக் கொடுப்பவர்களுக்கு 150 செ.மீ. அகலத் துணியில் சுமார் மூன்று மீட்டர் வேண்டும். வெட்டும் முன் வெந்நீரில் ஒருமுறை துவைத்துவிடுங்கள், லினன் நன்றாகவே சுருங்கும். கழுத்தில் எலாஸ்டிக்கைவிட நாடா கோத்தது மேல். தோள் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

பாடிஸ், அதாவது உள்சட்டைக்கு மேல் உடம்பை இறுக்கிக் கயிற்றால் கட்டும் மேலாடை, வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறார்கள். அளவை உள்சட்டையின் மேல் எடுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு இரு விளிம்புகளுக்கும் நடுவே நான்கைந்து செ.மீ. இடைவெளி நிற்க வேண்டும். கடையிலேயே விளிம்புகள் முட்டிக்கொண்டால் அது பெரியது; நாள் முழுக்க உடல் சூட்டில் துணி தளர்ந்தபின் இறுக்க இடம் இருக்காது. பாடிஸ் விறைப்பாக நிற்க உள்ளே செருகியிருக்கும் பட்டைகளை (‘எலும்பு’ என்பார்கள்) இடுப்புப் பகுதியில் வளைத்துப் பாருங்கள். விட்டதும் நேராக நிமிர்ந்தால் நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் மடிந்து அப்படியே நின்றுவிடும், மாலையில் விலாவில் குத்தும். அந்தப் பட்டைகளை உருவிவிட்டுத் தடித்த கேபிள் டையை (ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) அளவாக வெட்டி, முனையை உருட்டித் தேய்த்துச் செருகலாம். பட்டை, அதன் உறையைவிட ஒரு செ.மீ. குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தையலைத் துளைத்து வெளியே வரும். அந்தக் காலத்துக் கட்டு வேண்டுமானால், ஒரே கயிற்றைக் கீழே முடிச்சிட்டு, சுருள் போல ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கோத்துக்கொண்டே மேலே போங்கள். குறுக்குக் கட்டு பிற்காலத்துப் பழக்கம்.

பாவாடைக்கு விளிம்புச் சுற்று மூன்று மீட்டராவது இருந்தால்தான் கொசுவம் விழும், எட்டி நடக்கவும் முடியும். நீளம் தரையிலிருந்து ஐந்து முதல் எட்டு செ.மீ. மேலே நிற்கட்டும். ராணி உடைக்குத் தரை தொட வேண்டும் என்று ஆசைப்பட்டால் நாள் முழுக்க இரு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆண்களுக்குச் சிக்கல் இடுப்பில். அந்தக் காலத்தில் டப்ளெட் மேலங்கியோடு கால்சட்டையைக் கயிறுகளால் முடிந்துவைத்தார்கள். இப்போது வரும் எலாஸ்டிக் கால்சட்டையில் அந்தப் பிணைப்பு இல்லை; குனிந்து எழுந்தால் முதுகில் சட்டை பிதுங்கும். டப்ளெட்டின் கீழ்ப்பட்டி கால்சட்டை இடுப்பை ஐந்து செ.மீ.யாவது மூடுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். தலைக்கு கம்பளித் தட்டைத் தொப்பி. இங்கிலாந்தில் 1571 சட்டம் ஒன்று, உயர்குடியினர் தவிர ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களை ஞாயிறு, பண்டிகை நாட்களில் கம்பளித் தொப்பி போடச் சொன்னது. விலையும் குறைவு, உடையை உடனே காலத்தோடு சேர்த்துவிடும்.

நிறத்தில் ஊதாவைத் தவிருங்கள். ஊதாப் பட்டை அரச குடும்பத்துக்கும், சில ஆடைகளில் மட்டும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் என்று இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் 1574 அறிவிப்பு வரையறுத்தது. ஊர்க்காரர் வேடத்துக்கு மஞ்சிட்டி இனத்து வேரின் செங்கல் சிவப்பு, பழுப்பு, அவுரியின் அதே சாயப்பொருளைத் தரும் வோட் செடியின் நீலம் எல்லாம் பொருந்தும். காலமும் கொஞ்சம் பாருங்கள்: மேரிலாந்து விழா இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்தைக் காட்டுவது, அங்கே சதுரக் கழுத்து. விஸ்கான்சினின் பிரிஸ்டல் விழா 1574-ஆம் ஆண்டைக் காட்டுகிறது, அங்கே மடிப்புக் கழுத்துப்பட்டை எடுபடும்.

ஒரே ஒருமுறைதான் போவீர்கள் என்றால் விழா மைதானத்தில் வாடகைக்கு எடுப்பது சரியான முடிவு. முன்பணம் கேட்பார்கள், வாயில் மூடும் முன் திருப்ப வேண்டும். காலையிலேயே போங்கள், மதியத்தில் நடுத்தர அளவுகள் தீர்ந்திருக்கும்.

வாள் வைப்பதாக இருந்தால் உறையோடு கட்டி, உருவ முடியாதபடி இருந்தால்தான் பல விழாக்களில் உள்ளே விடுவார்கள். ஹாலோவீன் வேடத்தில் தொங்கும் அகலக் கைகளை முழங்கைக்கு மேல் நாடாவால் கட்டிவிடுங்கள்: அன்று வாசலில் குடைந்து வைத்த பூசணிக்குள் மெழுகுவத்தி எரிகிறது, பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குழந்தைகளுக்கு வாங்கும்போது தீத்தடுப்புக் குறியீடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வீடு திரும்பியதும் விளிம்புச் சேற்றை ஈரத்தோடு தேய்க்காதீர்கள். காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள், பிறகு உள்சட்டையை மட்டும் துவைத்தால் போதும்.