கூத்துக் கசட் என்று சொல்லி ஏமாற்றினார்கள்: பழைய டெக் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய வீடியோக் கசட்டும் அதை ஓட்டிப் பார்க்கும் டெக்கும் தேடித் திரிகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசை எடுங்கள். போன மாதம் 48,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். நட்டம் காசோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

ஒரு டெக்கும் எழுபது கசட்டும் விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் வந்தது. அழைத்தேன். "படக் கசட் எனக்குத் தேவையில்லை அண்ணன், நம்முடைய கூத்து ஏதாவது பதிந்தது இருக்கிறதா?" என்று கேட்டேன். நான் செய்த முதல் பிழை அது. "பார்த்துச் சொல்கிறேன் தம்பி" என்றவர், இரண்டு நாள் கழித்து அவராகவே அழைத்தார். நம் கூத்தின் இரண்டு வகையிலும், வடமோடி இரண்டு, தென்மோடி இரண்டு இருக்கிறதாம்.

அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. விடிய விடிய ஆடும் கூத்தை அந்தக் காலத்தில் கசட்டில் பதிந்தவர்கள் எத்தனை பேர்? கூத்துக் களரியில் நின்று பாடிய பழைய அண்ணாவிமாரின், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான்களின், குரல் ஒரு மூன்று மணிநேரக் கசட்டில் இருந்தால், அதற்கு நான் எந்த விலையும் கொடுப்பேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய வீட்டில் ஒரு படக் கசட்டை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். நன்றாகவே ஓடியது. கூத்தைப் போடச் சொன்னேன். "பழைய நாடா தம்பி, சும்மா ஓட்டினால் தேயும். வீட்டில் ஒரேயடியாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது உண்மையான விஷயம் என்பதால் நம்பினேன். லேபல் மஞ்சள் பூத்துக் கிடக்க, அதன் மேல் எழுத்து மட்டும் புத்தம்புது நீல மையில் இருந்ததைக் கண்டும் பேசாமல் இருந்தேன்.

எல்லாவற்றையும் வாங்கிவந்து, வீட்டில் அந்த டெக்கிலேயே நான்கையும் போட்டுப் பார்த்தேன். நான்கும் இந்தியப் படங்கள், பிரதிக்குப் பிரதி எடுத்து முகமே கலங்கிப்போனவை. மட்டைப்பெட்டியின் அடியில் கிடந்த ஒன்பது கசட் பீட்டாமக்ஸ் என்கிற வேறு வகை. அவை இந்த டெக்குக்குரிய வி.எச்.எஸ். கசட்டை விடச் சிறியவை, இதில் ஓடவே மாட்டா.

அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. எங்கள் பழைய டெக் பழுதாகி மூன்று வருடம். அம்மா பக்கத்தில் இருந்தார். வாங்கிவந்த டெக்கில் அக்காவின் கலியாணக் கசட்டைப் போட்டேன். 1997 இல் எடுத்தது. சுனாமியில் எங்கள் கல்லடி வீட்டோடு எல்லாம் போனபோது, செங்கலடி மாமி பார்க்கக் கொண்டுபோயிருந்ததால் தப்பிய ஒரே பொருள். அப்பா பந்தல் வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிற இடத்தில் படம் உறைந்தது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தபோது நாடா உருளையில் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. டெக் நாடாவைக் கசட்டுக்கு வெளியே இழுத்து, படத்தை வாசிக்கிற, சுழலும் ஹெட் உருளையில் சுற்றித்தான் ஓட்டுகிறது. நாடாவில் பூஞ்சணம் இருந்தால் அதன் தூள் ஹெட்டிலும் றப்பர் உருளையிலும் அப்பிக்கொள்ளும். அடுத்து வரும் நல்ல கசட்டும் மாட்டிக்கொள்ளும். நம் வாவிக்கரைக் காற்றிலும் மாரி ஈரத்திலும் பெட்டிக்குள் கிடந்த கசட்டில் பூஞ்சணம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கசட்டின் கண்ணாடி வழியாக டோர்ச் அடித்துப் பாருங்கள். நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். டெக் வாங்கப் போகும்போது, போனாலும் பரவாயில்லை என்கிற கசட் ஒன்றைக் கொண்டுபோய் அரை மணிநேரமாவது ஓட்டுங்கள்; முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். கனடாவிலிருந்து வந்த கசட் என்.டி.எஸ்.சி. (NTSC) என்கிற ஒளிபரப்பு முறையில் இருக்கும், நம் நாட்டு பி.ஏ.எல். (PAL) முறை டெக் பலவற்றில் சரியாக வராது. புது டெக் இனிக் கிடைக்காது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

படக் கசட்டுகளைச் சேர்ப்பது வீண் செலவு என்றே நினைக்கிறேன். அதே படம் இதைவிடத் தெளிவாக வேறு வழியில் கிடைக்கிறது. இணையத்தில் பெரிய விலை போட்டிருப்பதைக் காட்டி ஆசை ஊட்டுவார்கள். அது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. கோயில் சடங்கு, பள்ளிக்கூட விழா, கூத்து, கலியாணம் என்று ஒரே ஒரு பிரதி உள்ளவற்றைத் தேடுங்கள். ஆனால் தேடுவது எது என்று விற்பவரிடம் முதலில் சொல்லாதீர்கள். அவரே பட்டியலைச் சொல்லட்டும்.

எனக்கு விற்றவரை மறுபடி அழைத்தேன். "பழைய சாமானுக்கு உத்தரவாதம் இல்லை தம்பி" என்றார். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

திருத்துபவர் ஒருவர் கலியாணக் கசட்டைப் பிரித்து, கசங்கிய பகுதியை வெட்டி, மீதியை ஒட்டித் தந்தார். வெட்டிய துண்டு ஒரு மீட்டர் வரும். வழக்கமான வேகத்தில் நொடிக்கு 2.34 சென்ரிமீட்டர் நாடா ஓடுகிறது. ஆக, அப்பா வாசலில் நிற்கும் 43 நொடி போய்விட்டது. சுனாமிக்கு முன்பே இறந்துபோன அவர் நடமாடும் படம் எங்களிடம் வேறு இல்லை. அந்தத் துண்டை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கசங்கிய நாடாவை நேராக்கிப் பிரதி எடுக்கத் தெரிந்தவர் யாராவது கிழக்கில் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.