குடுவையா, கலமா, அதிரும் குழாயா?

குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில் இருக்கும். அதையே 300 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஆவியாகாமல் அடக்கி வைக்கவே 86 பார் அழுத்தம் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அந்தத் தண்ணீரில் கரைந்த பீனால் என்ற கரிமச் சேர்மம் எவ்வளவு இடம் பிடிக்கிறது? கரைசலின் அடர்த்தியைத் தூய தண்ணீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். அந்த அடர்த்தியை அளக்கத்தான் குடுவை, எஃகுக் கலம், அதிரும் குழாய் என்ற இந்த மூன்றும்.

மதுரையில் வேதியியல் படித்த யாருக்கும் ஒப்படர்த்திக் குடுவை, அதாவது குறித்த கனஅளவு திரவத்தை நிரப்பி எடை போட்டு அடர்த்தி காணும் குடுவை, பழக்கம். 25 மி.லி. கண்ணாடி, நல்ல தராசு, வெப்பநிலை மாறாத தொட்டி, அவ்வளவுதான் செலவு. ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் தொட்டியை நம்ப முடியாது. காலையில் தூய தண்ணீர், மதியம் கரைசல் என்று எடை போடுகிறோம்; இடையில் தொட்டி 0.1 டிகிரி ஏறிவிட்டால் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.00003 கிராம் பிசகும். கிலோ தண்ணீருக்கு 0.1 மோல் கரைத்திருந்தால், மோலார் கனஅளவில், அதாவது கரைந்த பொருளின் ஒரு மோல் பிடிக்கும் இடத்தில், அது 0.3 கன செ.மீ. பிழை! கொதிநிலைக்கு மேலே குடுவைக்கு வேலையே இல்லை.

மூடிய எஃகுக் கலம் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் சூட்டில் கலமும் விரியும், அதற்குத் தனிக் கணக்கு. அதைவிடப் பெரிய சிக்கல், கரைசல் நெடுநேரம் வெந்துகொண்டே இருப்பது. எஸ்டர் போன்ற சேர்மங்கள் அதற்குள் நீராற்பகுப்பில், அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து, சிதைந்துவிடும். அப்புறம் எதை அளந்தோம் என்பதே சந்தேகம்.

அதிரும் குழாயை நான் மனதார ஆதரிக்கிறேன். வளைந்த மெல்லிய உலோகக் குழாய்க்குள் கரைசல் ஓடும். உள்ளே கனம் கூடினால் அதிர்வு மந்தமாகும். ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரத்தின் வர்க்கத்தோடு அடர்த்தி நேர்கோட்டில் போகும். தண்ணீர், நைட்ரஜன் என அடர்த்தி தெரிந்த இரண்டை அனுப்பி அந்த நேர்கோட்டின் மாறிலிகளைக் கண்டுபிடித்துவிடலாம். கரைசல் சூட்டில் இருப்பது கொஞ்ச நேரமே, அதனால் சிதைவும் குறைவு.

300 டிகிரியில் 0.1 டிகிரி மாறினாலே தண்ணீரின் அடர்த்தி 0.0002 அளவுக்கு நகரும். அதனால் ஒற்றை அளவீடு உதவாது. முதலில் தூய தண்ணீர், நடுவில் கரைசல், மறுபடி தூய தண்ணீர் என்று ஓட்டி, வித்தியாசத்தை மட்டும் எடுக்க வேண்டும். குழாயில் இது சில நிமிட வேலை, கலத்தில் நினைத்தும் பார்க்க முடியாது.

விலை அதிகம், பம்ப்பின் துடிப்பும் தொல்லை தரும். அறை வெப்பநிலை வேலைதான் என்றால் குடுவையே போதும், தொட்டியை மட்டும் நல்லதாக வாங்குங்கள். 100 டிகிரியைத் தாண்டும் திட்டமென்றால், காசு சேரும்வரை காத்திருந்தாவது குழாயையே வாங்குங்கள்.