வவுனியாவில் பிஜாமா கார்டினல்: மீன் திறம், பொதிதான் பிழை

வவுனியா நகரிலுள்ள ஓர் அலங்கார மீன் கடையில் இப்போது பிஜாமா கார்டினல் என்ற உப்புத்தண்ணீர்த் தொட்டி மீன் கிடைக்கிறது. மஞ்சள் முகம், நடுவில் கறுப்புப் பட்டி, வால்பக்கம் செம்புள்ளிகள், சிவந்த கண். நன்றாக வளர்ந்தாலும் எட்டுச் சென்ரிமீற்றர்தான். எங்கள் கடல் மீனல்ல. ஜாவா முதல் பப்புவா நியூகினி வரையான பவளப்பாறைகளில், பகலில் கிளைப் பவளங்களுக்குள் கூட்டமாக நின்றுவிட்டு இரவில் இரை தேடுவது. ஆறாகத்தான் தருவோம் என்று கடையில் சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று எண்ண வேண்டாம். ஒற்றை மீன் மூலைக்குள் ஒதுங்கி, தீனிக்கும் வெளியே வரத் தயங்கும்.

மீனின் தரத்தில் குறையில்லை. வயிறு ஒட்டியிருக்கவில்லை, கண் தெளிவு. கேட்டால் எங்கள் முன்னாலேயே தீனி போட்டுக் காட்டுகிறார்கள். கட்டாயம் கேளுங்கள்: பகலில் அசையாமல் நிற்பதே இதன் குணம் என்பதால், நோய் மீனும் நல்ல மீனும் பார்வைக்கு ஒன்றுபோலவே நிற்கும். ஆனால் வலையால் அள்ளுகிறார்கள். இரண்டாவது முதுகுச் செட்டையின் நூல்போன்ற கதிர்கள் வலையில் சிக்கி முறியும். பிளாஸ்ரிக் கோப்பையால் அள்ளச் சொல்லுங்கள்.

பெரிய பிழை பொதியில். ஆறையும் ஒரே பையில் கட்டுகிறார்கள். நகருக்குள் என்றால் பரவாயில்லை. முல்லைத்தீவு பஸ்ஸுக்கு அது சரிவராது. மும்மூன்றாக இரண்டு பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஒட்சிசன், அதை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துத் தரக் கேளுங்கள்.

கூடவே தரும் துண்டில், பையைத் திறந்து ஒரு மணித்தியாலம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும்படி இருக்கிறது. நெடும்பயணத்துக்கு இது ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விடும் காபனீரொட்சைட்டால் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும்; சேர்ந்த அமோனியாவில் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியமாகக் கிடக்கும். பை திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அந்த அமோனியமே நஞ்சான அமோனியாவாக மாறும். கடைத் தொட்டியின் உப்பளவை முதலே கேட்டு, புதிய மீனைத் தனியே வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். பையை மூடியபடி இருபது நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீர் வெளியே போகட்டும்.

தொட்டிக்கான கடல் உப்பைச் சில்லறையாக எடை நிறுத்தும் விற்கிறார்கள். வேண்டாம். ஈரம் இழுத்த உப்பில் லீற்றருக்கு 35 கிராம் என்ற கணக்கு பிழைக்கும். மூடிய பொதியாகவே வாங்குங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணீரின் கல்சியத்தோடு அதைக் கரைக்காமல், ஆர்ஓ (தாதுக்கள் நீக்கி வடிகட்டிய) தண்ணீரில் கரைத்து அடர்த்தி 1.024 வருகிறதா என்று பாருங்கள். முல்லைத்தீவுக் கடல் தண்ணீர் அள்ளுவோர், மாரியில் வட்டுவாகல் பக்கம் போகவேண்டாம். நந்திக்கடல் களப்பின் வெள்ளம் அங்கே கலந்து உப்புக் குறைந்திருக்கும். சித்திரை வெயிலில் தொட்டிக்கு மேல் சிறு மின்விசிறி வையுங்கள். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும், உப்பில்லாமல்.

தீனியான உறைந்த மைசிஸ் (இறால்போன்ற சிற்றுயிர்) கடையில் எப்போதும் இருப்பதில்லை. பதிலுக்குப் பச்சைக் கூனி இறாலைக் கழுவி, பொடியாக நறுக்கி, விளக்கை மங்க வைத்துப் போடலாம்.

தீனிப் பரீட்சைக்கு ஒரு விலக்கு உண்டு. தாடை புடைத்து, வாய் திறக்காமல் நிற்கும் மீன் வாய்க்குள் முட்டை சுமக்கும் ஆணாக இருக்கலாம். பிடித்தால் துப்பிவிடும். அதை விட்டு மற்றதை எடுங்கள்.