காந்தம் ஒட்டவில்லை என்பதால் செம்பு என்றார்கள்: டர்பனில் நான் ஏமாந்த கதை

கணினிக்கு நீர்க்குளிரூட்டும் அமைப்பை முதன்முதலாகத் தாமே பூட்ட எண்ணும் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி நண்பர்கள், சூடேறிய நீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

டிசம்பர் போனஸ் கைக்கு வந்ததும் உதிரிகளைச் சேர்க்கத் தொடங்கினேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கான வாட்டர் பிளாக் (சிப்பின் சூட்டை நீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி) அந்தக் கார்டின் சர்க்யூட் பலகைக்கே அளவெடுத்துச் செய்யப்படுவது. ஒரே சிப் உள்ள இன்னொரு நிறுவனத்தின் கார்டுக்கு அது பொருந்தாமல் போகலாம். இதற்கு அஞ்சி அந்த ஒரு பொருளைத் தேர்வதற்கே மூன்று வாரம் செலவிட்டேன். பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நிக்கல் முலாம் பூசிய செப்பு பிளாக்குகள், ஒரு டி5 பம்ப், உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர் உள்ள மென்குழாய் என எல்லாம் சரியாகவே அமைந்தன. 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரை மட்டும், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டிதானே என்ற அலட்சியத்தில், கடைக்காரர் காட்டியதையே எடுத்துக்கொண்டேன்.

கேட்காமல் இல்லை. “இது செம்புதானா?” என்றதும், கல்லாவில் இருந்த இளைஞர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ரேடியேட்டரின் மேல் வைத்து, “ஒட்டவில்லை பாருங்கள் அங்கிள், முழுச் செம்பு” என்றார். நானும் தலையாட்டினேன். செம்பைப் போலவே அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பாடம். நல்ல செப்பு ரேடியேட்டர்கள் சிலவற்றின் பக்கச் சட்டம் எஃகாக இருப்பதால் அங்கேதான் காந்தம் ஒட்டும் என்பதைப் பின்னால் அறிந்தபோது, என்மீதே எரிச்சல் வந்தது.

மூன்றாம் மாதம் நீர் கலங்கியது. மலிவான பிவிசி குழாயிலிருந்து கசியும் மென்மையாக்கி பிளாக்கில் வெள்ளையாகப் படிவதுண்டு என்பதால், பழியைக் குழாயின் மேல் போட்டு அதை மாற்றினேன். ஒரு மாதம் கழித்துக் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பம் 50 டிகிரிகளிலிருந்து 80-ஐ நெருங்கியது. பிளாக்கைத் திறந்தால், தலைமயிர் போன்ற அதன் இடுக்குகளில் வெண்ணிறக் கூழ் அடைத்திருந்தது. கழுவி மறுபடி பூட்டிய நான்காம் நாள், மேல்தட்டில் பொருத்தியிருந்த ரேடியேட்டரின் மூலையில் ஊசித்துளை அளவில் கசிந்து, கீழிருந்த கார்டின் மீது சொட்டி, அது செத்தே போயிற்று.

ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய் திருகும் வாயை அரத்தால் லேசாகச் சுரண்டினேன். செப்புப் பாத்திரத்தையும் பித்தளைக் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு அவற்றின் நிறம் தெரியாதா? சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெறும் வெள்ளி வெளுப்பு. ஒரே நீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அது ஏறத்தாழ ஒரு பேட்டரிபோல் வேலை செய்யும். இரண்டின் நியம மின்முனை அழுத்தங்களுக்கு இடையே சுமார் 2 வோல்ட் வேறுபாடு இருப்பதால், எலக்ட்ரானை இழக்கும் பக்கமான அலுமினியம் கரைந்துகொண்டே போகும். அரிப்புத் தடுப்பான் கலந்த திரவம் இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. எல்லாமே அலுமினியமாக இருந்தால் பரவாயில்லை, கலப்புதான் கேடு.

கடையில், நான் தவறான நீரை ஊற்றியதாகச் சொன்னார்கள். நீர் பட்ட பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதில் அச்சிட்டிருப்பதையும் காட்டினார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதைத் தீர்மானிப்பது வாங்கியவர், கடைக்காரர் அல்ல. அந்தப் பிரிவை அச்சடித்து மேசையில் வைத்த பிறகே ரேடியேட்டரின் விலை திரும்பியது. கார்டின் விலையையும் பிளாக்குகளுக்கான நட்டத்தையும் மறுத்துவிட்டார்கள். வாங்கும்போது உலோகம் எதுவென்று ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் அந்த வாதம் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த இளைஞரின் வாய்ச்சொல்லுக்கு இப்போது சாட்சி நான் ஒருவன்தான்.

நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். ரேடியேட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் சுரண்டிய இடத்தை எடுத்த படங்களையும் ரசீதின் நகலையும் அதனுடன் சேர்த்திருக்கிறேன்.