கடைவாய்ப் பல் வலி: ரூட் கெனாலா, பிடுங்கிவிடுவதா?

இரவில் படுத்ததும் பல் விண்விண்ணென்று தெறித்தால் சொத்தை நரம்புவரை போயிருக்கும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். பிறகு இரண்டு வழி: பல்லைப் பிடுங்குவது, அல்லது ரூட் கெனால், அதாவது பல்லை வைத்துக்கொண்டே உள்ளே கெட்ட நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது.

பிடுங்குவது மலிவு, பெரும்பாலும் ஒரே நாள் வேலை. பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அன்று எச்சில் துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள், புகை கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். இரண்டு மூன்று நாளில் காதுவரை வலிக்கும். ஞானப்பல் என்றால் எடுத்துவிடலாம். மற்ற கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் சாயும்.

ரூட் கெனாலுக்குச் செலவு கூடுதல், இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். வலி நின்றதும் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாமல் விடுவதுதான் பெரிய தவறு: முறுக்கு கடிக்கையில் பல் பிளந்தால் போட்ட பணமும் போச்சு. கேப்புக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் இதுவே நல்லது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள்.