கட்-ஆஃப் 102: "கலந்தாய்வில் இடமே கிடைக்காது" என்று சொன்னவரை நம்பி நாங்கள் இழந்தது

2022 ஜூன் 20ஆம் தேதி பிளஸ் 2 முடிவு வந்தது. என் மகன் 600க்கு 331. கணிதம் 48, இயற்பியல் 52, வேதியியல் 56. கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் பொறியியல் கட்-ஆஃப். அரசு நடத்தும் கலந்தாய்வில் இதை வைத்துத்தான் இடம் ஒதுக்குவார்கள். 200க்கு 102 வந்தது. அன்று மாலைக்குள் வீட்டுக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள். மகனின் பெயர், படித்த பள்ளி, மதிப்பெண் எல்லாவற்றையும் அவர்களே சொன்னார்கள். எங்கள் எண் அவர்களுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்க அன்று தோன்றவில்லை. யாராவது வழி காட்டினால் போதும் என்று இருந்தது.

அந்த மனநிலையைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கை வைக்கும் இடமே அதுதான். நானும் என் கணவரும் மாவு மில் நடத்துகிறோம். அன்று மாவு அரைக்க வந்த ஒவ்வொருவரும் "பையன் எவ்வளவு?" என்று கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்குப் பதில் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. பையன் சாப்பிடாமல் மாடியில் படுத்துக் கிடந்தான். இப்படி வெட்கத்தில் குன்றிப்போயிருக்கும் வீட்டுக்குள் ஒருவர் வந்து "கவலைப்படாதீர்கள் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், யார்தான் உட்காரச் சொல்ல மாட்டார்கள்?

வந்தவர் தன்னைக் கல்வி ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். வழுவழுப்பான தாளில் அச்சிட்ட கையேடுகளை மேசை மேல் பரப்பினார். "இந்த மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்வில் எதுவும் கிடைக்காது அக்கா. கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு மூலையில் தள்ளிவிடுவார்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாயும் வீண். நான் சொல்லும் கல்லூரியில் ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 60 ஆயிரம்தான். மீதியை உதவித்தொகையில் கழித்துவிடுவார்கள்" என்றார். அந்த ஆண்டு நீட் முடிவுக்காகக் காத்திருந்ததில் பொதுக் கலந்தாய்வு செப்டம்பருக்குப் போய்விட்டது. அந்த இடைவெளி அவருக்கு வசதியாகிவிட்டது. "அதுவரை காத்திருந்தால் இதுவும் கையை விட்டுப் போகும்" என்று வாரத்துக்கு இரண்டு முறை பேசினார். நாங்கள் கலந்தாய்வுக்குப் பதிவே செய்யவில்லை. ஜூலை மாதம் அசல் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் அவர் கையில் கொடுத்தோம். அவருக்கு 15 ஆயிரம், "இடத்தைப் பிடித்து வைக்க" கல்லூரிக்கு 25 ஆயிரம். என் இரண்டு வளையல்கள் கூட்டுறவு வங்கியில் அடகுக்குப் போயின.

கல்லூரியைப் பார்க்காமல் பணம் கட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே காரில் அழைத்துப் போனார். இயந்திரவியல் துறையின் பட்டறையைத் திறந்து காட்டினார்கள். வரிசையாக ஆறு லேத் இயந்திரங்கள், பச்சை வண்ணம் மின்ன, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு நின்றன. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஓர் இரும்புச் சீவல் இல்லை. எவ்வளவு சுத்தம் என்று என் கணவர் மெச்சிக்கொண்டார். பட்டறைக்கு மும்முனை மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது மகன் சேர்ந்து மூன்று மாதம் கழித்துச் சொல்லித்தான் தெரிந்தது. மும்முனை மின்சாரம் இல்லாவிட்டால் எங்கள் மில்லே ஓடாது. தினமும் இயந்திரத்தோடு பிழைக்கிற நாங்கள் இருவருமே அன்று ஒரு சுவிட்சைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கலாம். இதைப் படிக்கிறவர்கள் கட்டாயம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வகுப்பு நடக்கிற நாளில், யாரிடமும் சொல்லாமல், பஸ்ஸில் போங்கள். கல்லூரி வாசலில் இருக்கும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வருவார்கள். "இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள்?" என்று அவர்களிடம் கேளுங்கள்.

சேர்க்கை நாளில் கட்டண விவரத்தைக் கையில் கொடுத்தார்கள். கல்விக் கட்டணம் 85 ஆயிரம், வேலைவாய்ப்புப் பயிற்சி 18 ஆயிரம், பேருந்து 24 ஆயிரம், சீருடைக்கும் புத்தகங்களுக்கும் 9 ஆயிரம். 60 ஆயிரம் என்று சொன்னது 1,36,000 ஆகிவிட்டது. முன்பு கட்டிய 25 ஆயிரத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னோம். ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அது ஓர் அறக்கட்டளையின் பெயரில், "நன்கொடை" என்று எழுதிக் கொடுத்த ரசீது. கல்லூரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதை மிகவும் தாமதமாகத்தான் அறிந்தோம்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழை நீட்டியபோது அடுத்த அடி. அந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும்தான். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. ஆலோசகருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. எங்கள் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்து "பலே, இது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது" என்று சொன்னவர் அவர்.

நவம்பரில் வகுப்பு தொடங்கியது. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மகன் ஏறும் அதே பேருந்தில், இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பையன் ஏறுவான். அதே துறை, அதே வகுப்பு, அதே பெஞ்சு. அவனுடைய கட்-ஆஃப் 94. என் மகனைவிட எட்டு குறைவு. அவன் கலந்தாய்வில் வந்தவன். அவனுக்குக் கல்விக் கட்டணம் 50 ஆயிரம், அதிலும் முதல் பட்டதாரிச் சலுகையாக 25 ஆயிரத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 60 இடம் உள்ள அந்த வகுப்பில் சேர்ந்தவர்களே 23 பேர்தான். எங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று சொன்ன கலந்தாய்வு இடங்கள், அந்தக் கல்லூரியிலேயே ஆளில்லாமல் காலியாகக் கிடந்திருக்கின்றன.

தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு. ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமலே போகின்றன. மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளையாக இருந்தால், 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும்போது விடுதிக் கட்டணம் வரை அரசே கட்டுகிறது. 2021 முதல் இது பொறியியலுக்கும் உண்டு. அப்படிப்பட்ட இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிப் படித்தார்கள். அவர்களையும் யாரோ ஓர் ஆலோசகர்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

பாடம் நடந்த விதத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. முதல் பருவத்திலேயே கணிதத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். மகனுக்கு ஐந்து தாளில் அரியர். அவன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அவனையே திட்டினேன். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. அதைப் பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான், அங்கே பெரும்பாலான பிள்ளைகளின் நிலை அதுதான் என்று புரிந்தது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் இன்னும் கூடுதலாகத் தேவை. அதனால் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கலாம். கையேட்டில் "நாக்" என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது கல்லூரி மொத்தத்துக்குமான அங்கீகாரம். நீங்கள் சேரும் துறைக்கு "என்.பி.ஏ." அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

ஓராண்டு முடிந்ததும் மகன் விலகிவிடுகிறேன் என்றான். சரி என்றோம். சான்றிதழ் கேட்டுப் போனபோது, மீதி மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அலுவலக வாசலில் என் கணவர் நான்கு நாள் நின்றார். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. இதையெல்லாம் எடுத்துச் சொன்னவர், மில்லுக்கு மிளகாய் அரைக்க வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரே மனு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் ஒரு புகார். ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் மாதம், கல்லூரியிலிருந்து அவர்களே கூப்பிட்டுச் சான்றிதழைக் கொடுத்தார்கள். அதற்குள் எல்லா இடத்திலும் சேர்க்கை முடிந்துவிட்டது. ஓராண்டு வீட்டில் இருந்தான். மில்லில் மூட்டை தூக்கினான். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஆலோசகர் எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

2024இல் அரசு பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். பிளஸ் 2 அறிவியல் பிரிவு படித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. இதையும் எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. டிப்ளமா முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் கலந்தாய்வு இருக்கிறது. இப்போது அவன் வீட்டுக்கு வரும்போது சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கிறது. துவைத்தாலும் போவதில்லை.

போன வாரம் கம்பு அரைக்க வந்த ஒருவர், மறுநாள் மாலை ஓர் ஆலோசகர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். மகளின் கட்-ஆஃப் 88. கலந்தாய்வுக்கான கடவுச்சொல்லையும் ஓ.டி.பி. எண்ணையும் கொடுத்தால் கல்லூரி விருப்பப் பட்டியலை அவரே இலவசமாகப் போட்டுத் தருவாராம். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். அந்த எண் கையில் இருந்தால் தனக்குக் கமிஷன் தரும் கல்லூரியை முதல் வரிசையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மாற்றுச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். திங்கட்கிழமை மில்லுக்கு அரை நாள் விடுமுறை; கலந்தாய்வு உதவி மையத்துக்கு அந்தப் பெண்ணை நானே அழைத்துப் போகிறேன்.