வெள்ளவத்தையில் திறக்க மறுத்த கேற்

கனடாவிலிருந்து வந்திறங்கிய கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசை இல்லை, ஹைவே வெறுமை, சிம் காட் உடனே வேலை செய்தது. இதுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது கொழும்பு வெள்ளவத்தையில் சித்தி வீட்டு றிமோட் கேற்றைப் பற்றி. ஐப்பசி இடியோடு இரவு கரண்ட் போய் விடியத்தான் வந்தது. வீட்டில் லைற், பிறிட்ஜ், ரீவி எல்லாம் பழையபடி ஓடின. கேற் மட்டும் அசையவில்லை. கார் உள்ளே, வெளியே போக வேண்டிய ஆட்களும் உள்ளே.

கேற்றைப் போட்டுத் தந்த கொம்பனியின் பொடியன் வந்தான். மோட்டர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த எலெக்ரோனிக் போர்டை எட்டிப் பார்த்தான். "அன்ரி, போர்ட் போயிட்டுது. இந்த மொடல் இப்ப வாறதில்லை. செட்டோட மாத்தினா ஒரு வருச வாரன்டி இருக்கு" என்றான். அவன் சொன்ன விலை ஆறு இலக்கம். மல்ரிமீற்றர் அவனுடைய பையை விட்டு வெளியே வரவே இல்லை. உண்மையில் போனது ஒரு பியூஸும், அதற்குப் பக்கத்தில் இருந்த நீலத் தட்டு ஒன்றும்தான். இரண்டும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாமான்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் இப்போது வீட்டுக்கு வீடு ஸ்லைடிங் கேற். உள்ளே விரியும் இரட்டைக் கதவுக்கு முற்றத்தில் இடமில்லை, வெளியே விரிந்தால் ஒழுங்கை அடைபடும், ஆகவே மதிலோடு ஓடும் கேற்தான் சரி. முன்பு ஹோர்ன் அடித்தால் யாராவது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஆமைப்பூட்டைத் திறப்பார்கள். அந்த ஏற்பாடு எந்த இடியிலும் பழுதாகவில்லை. இப்போது ஓடி வர ஆளுமில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு முழங்காலும் இல்லை. அதனால் றிமோட் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதை வாங்கிப் பூட்டுகிறவர்கள் அதை ஒரு மெசின் என்று நினைப்பதில்லை. காருக்கு சேர்விஸ் உண்டு, ஏசிக்கு சேர்விஸ் உண்டு, வெயிலிலும் உப்புக் காற்றிலும் வருசக்கணக்காக நிற்கும் இந்தப் பெட்டிக்கு மட்டும் இல்லை.

முதலில் கையால் திறக்கும் வழி. மோட்டர்ப் பெட்டியின் முன்புறத்தில் சின்ன மூடிக்குள் திறப்புத் துவாரம் இருக்கும். திறப்பைப் போட்டுத் திருப்பி, பிடியை முன்னால் இழுத்தால் உள்ளே பல்லுச் சில்லு கழன்று கேற் தளர்ந்துவிடும். பிறகு கையால் தள்ளலாம். திரும்ப மோட்டரில் பூட்ட, பிடியை மூடித் திறப்பைப் பழைய இடத்துக்குத் திருப்பி, கேற்றை முன்பின் கொஞ்சம் அசைத்தால் பல்லு விழும். அவ்வளவுதான். ஆனால் அந்தத் திறப்பு எங்கே? கொம்பனி கொடுத்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை; கடைசியில் சாமிப் படத்தடியில் பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தது. இரண்டு திறப்பு வைத்திருங்கள். ஆள் போகும் சின்னக் கேற் இல்லாத வீடென்றால் ஒன்று கட்டாயம் வெளியே, நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத இரவில் வெளியே நிற்கிறவருக்கு உள்ளே இருக்கும் திறப்பால் பயனில்லை.

கேற் தளர்ந்திருக்கும்போதே இன்னொன்றைப் பார்த்துவிடலாம். ஒரு கையால் தள்ளினால் முழுத் தூரமும் சீராக ஓட வேண்டும். இரண்டு கை வேண்டியிருந்தால், அல்லது ஓரிடத்தில் இறுகினால், பிழை மோட்டரில் இல்லை. அடிச் சில்லின் பெயாரிங் கறள் பிடித்திருக்கும், அல்லது தண்டவாளத்தில் மண்ணும் கல்லும் சேர்ந்திருக்கும். இங்கே பொதுவாகச் செய்வது, மோட்டர் எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று வைக்கும், போர்டில் உள்ள விசைத் திருகைக் கூட்டிவிடுவது. கேற் ஓடும்தான். ஆனால் தடை உணர்ந்து நிற்கும் குணம் போய்விடும், மோட்டரும் சூடாகும்.

மறுநாள் வந்தவர் பக்கத்து ஒழுங்கை எலெக்ரிக் பாஸ். கையில் ஒரு பழைய மீற்றர், ஒரு டெஸ்ரர், ஒரு சிகரெட். ரொறன்ரோவில் இப்படி ஒருவரைக் காசு கொடுத்தும் பிடிக்க முடியாது. அங்கே வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம், பிறகு "யூனிற்றை மாற்றுங்கள்" என்ற அதே பதில். பாஸ் செய்த ஒழுங்கு இது. மெயின் சுவிட்சை நிறுத்தினார். கரண்ட் போனால் கேற்றை ஓட்டப் பெட்டிக்குள் இருக்கும் பற்றறியின் வயரையும் கழற்றினார். மெயின் நிறுத்தினாலும் பற்றறியால் போர்டில் 24 வோல்ற் நிற்கும். பியூஸை எடுத்து மீற்றரில் பார்த்தார், அறுந்திருந்தது. பியூஸ் சும்மா அறாது என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த நீலத் தட்டைக் காட்டினார். அது வெடித்து ஓரம் கறுத்திருந்தது. வரிஸ்ரர் என்பது அதுதான். 230 வோல்ற் லைனில் மின்னல் உதை வந்தால் அது தன்னைக் கொடுத்து லைனைச் சோட் பண்ணும், பியூஸ் அறும், பின்னால் உள்ள ட்ரான்ஸ்போமர் தப்பும். அதற்குத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். தட்டில் 471 என்ற எண் அச்சிட்டிருக்கும்; அதே எண், அதே விட்டம் பார்த்து வாங்க வேண்டும். பியூஸும் போர்டில் அச்சிட்ட அம்பியர்தான், மெல்ல அறும் வகை. செப்புக் கம்பி சுற்றினால் அடுத்த இடியில் உண்மையாகவே போர்ட் போகும். ட்ரான்ஸ்போமரின் முதல் சுருளை மீற்றரில் வைத்து, அறுந்துபோகவில்லை என்று பார்த்த பிறகுதான் புதியவற்றை ஈயம் வைத்தார்.

இதே உதை திரும்ப வராமல் இருக்க டிஸ்ரிபியூசன் பெட்டியில், உதையை எர்த்துக்குத் திருப்பிவிடும் சேர்ஜ் அறெஸ்ரர் ஒன்று வேண்டும், கேற் வரைக்கும் எர்த் வயர் போக வேண்டும். பல வீடுகளில் கேற்றுக்கு இரண்டு வயர்தான் இழுத்திருக்கிறார்கள். எர்த் இல்லாத இடத்தில் அறெஸ்ரர் பாதி வேலைதான் செய்யும். சித்தி வீட்டிலும் எர்த் இல்லை.

பெட்டிக்குள் வேறொரு குடித்தனமும் இருந்தது. காய்ந்த பல்லி ஒன்று, ரிலேக்களைச் சுற்றி எறும்புக் கூடு. நிலத்திலிருந்து வயர் ஏறும் குழாயின் வாய் திறந்தே கிடந்தது. அந்தக் குழாய் வாயை அடைப்பதுதான் வைத்தியம். வயரைச் சுற்றி சிலிக்கன் பூசுங்கள், பெட்டிக்குள் பூச்சி உருண்டை இரண்டு போடுங்கள். போர்டை பிரஷாலும் கொன்ராக்ற் கிளீனராலும் துடைத்து, ரேர்மினல்களில் பச்சை பூத்திருந்தால் வயர் நுனியை வெட்டிப் புதிதாக உரித்துப் பூட்ட வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் இந்தப் பச்சை வருசா வருசம் வரும். திருகாணிகளும் அப்படித்தான். 304 ஸ்ரெயின்லெஸ் உப்புக் காற்றில் புள்ளி விடும், 316 வாங்குங்கள்.

பற்றறியின் கதை இன்னும் பெரிது. 24 வோல்ற் மோட்டருக்கு 12 வோல்ற் சீல் பற்றறி இரண்டு, தொடராகக் கட்டியது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இந்த வகைப் பற்றறிகள் நாளாந்தம் அடிவரை இறங்கித்தான் செத்தன. அதற்குப் பிறகு மாற்றாத வீடுகளில் இன்றைக்கும் பெட்டிக்குள் பிணம்தான் இருக்கிறது. கரண்ட் இருக்கும்வரை தெரியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது தெரிந்திருக்கும். கனடாவில் இதைச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை.

சோதிக்கும் முறை இலகு. மெயினை நிறுத்திவிட்டு றிமோட்டால் கேற்றை ஒருமுறை திறந்து மூடுங்கள், அதே நேரம் பற்றறி முனைகளில் மீற்றரை வையுங்கள். ஓடும்போது இரண்டும் சேர்ந்து 21 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரே மேக், ஒரே திகதி. கடையில் நெடுநாள் கிடந்ததை "புதுசு" என்று தருவார்கள், அச்சிட்ட திகதியைப் பாருங்கள். இப்பற்றறிகளுக்குச் சொல்லும் ஆயுள் 25 பாகைக்கு. வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். கொழும்பு வெயிலில் நிற்கும் பெட்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதியதைப் பூட்டிய பிறகு சார்ஜர் 27 முதல் 27.6 வோல்ற் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 230 வோல்ற் மோட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, கரண்ட் போனால் திறப்புத்தான். அந்த வகையில் மோட்டர் முனகிக்கொண்டு அசையாமல் நின்றால் பெரும்பாலும் போனது மோட்டரைக் கிளப்பிவிடும் கப்பாசிற்றர். அதன் உடம்பில் எழுதிய அதே மைக்ரோபரட் போடுங்கள்.

இனி கோபம் வரும் இடம். வரிஸ்ரர் மாற்றிக் கேற் ஓடியபின் பாஸ் ஒரு துண்டு வயரைக் காட்டினார். இரண்டு தூண்களிலும் கண் வைத்திருக்கிறார்களே, கேற் மூடும்போது குறுக்கே யாரும் வந்தால் திரும்பித் திறக்க, அந்தக் கண்ணின் ரேர்மினலைப் பொதுவோடு சேர்த்து யாரோ சோட் பண்ணியிருந்தார்கள். தூண்களில் கண் மினுங்குகிறது, போர்டுக்கு அது குருடு. பேரப்பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றம், சில நூறு கிலோ இரும்புக் கேற்!

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். கண்ணுக்குள் எறும்போ நீரோ போனால், அல்லது மாலை வெயில் நேரே விழுந்தால், கேற் திறக்கும் ஆனால் மூடாது. இந்த அறிகுறியைக் கண்டால் கண்தான் என்று பாதி நிச்சயம். லென்சைத் துடைத்து, இரண்டு கண்ணும் நேருக்கு நேர் பார்க்கும்படி திருகி, மண்ணுக்குள் போகும் வயரில் மூட்டு இருந்தால் அதை எடுத்து ஒரே நீள வயர் இழுத்தால் பிரச்சினை தீரும். தென்மேல் பருவ மழையில் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும், மூட்டு கசியும், சில நேரம் வீட்டு ட்ரிப் சுவிட்சே விழும். அதையெல்லாம் தோண்ட நேரமில்லாத பொடியன் ஒரு துண்டு வயரால் வேலையை முடித்துவிடுகிறான். வட அமெரிக்காவின் யூ.எல். 325 விதிப்படி, கண் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை 2016 முதல் போர்டே கண்காணிக்க வேண்டும்; கழற்றினால் கேற் தானாக மூடாது. அங்கத்தைய சட்டதிட்டங்களைத் திட்டாத நாளில்லை. இந்த ஒன்றை மட்டும் கொழும்புக்குக் கொண்டுவரலாம்.

மெசினைக் கொண்டுவராதீர்கள். கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. ட்ரான்ஸ்போமர் வைத்து வோல்ற்றை இறக்கலாம், ஹேர்ட்ஸ் மாறாது, ஏசி மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிச் சூடாகும். அங்கத்தைய றிமோட்டுகள் பெரும்பாலும் 315 அல்லது 390 மெகாஹேர்ட்ஸ், இங்கே உள்ளவை பெரும்பாலும் 433.92. சூட்கேசில் இடம் இருந்தால் நல்ல மீற்றர் ஒன்று கொண்டுபோய் பாஸுக்குக் கொடுங்கள்.

கேற்றோடு நீளத்துக்குப் பூட்டிய, மோட்டரின் பல்லுச் சில்லு கடித்து இழுக்கும் பல்லுச் சட்டம் பற்றியும் ஒரு வரி. சட்டத்துக்கும் பல்லுச் சில்லுக்கும் இடையே 1 முதல் 2 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அடிச் சில்லு தேய்ந்து கேற் இறங்கினால் அதன் முழுப் பாரமும் மோட்டர் அச்சில் உட்காரும். கியர் போவது அப்படித்தான். கிறீஸ் பூசாதீர்கள், மண் ஒட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், கேற் எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டருக்குக் காட்டும் லிமிற் காந்தம் ஒருநாள் விலகினால் கேற் தண்டவாளத்தை விட்டுச் சாயாமல் காப்பது அதுதான்.

போவதற்கு முன் பாஸ் கேட்டார், "எத்தனை றிமோட் வெளியில இருக்கு, அம்மா?" சித்திக்குத் தெரியவில்லை. நின்றுபோன ட்ரைவரிடம் ஒன்று, மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர்களிடம் ஒன்று, காலி வீதிக் கடையில் கொப்பி அடித்தவை எத்தனையோ. கொப்பி அடிக்க முடிந்தாலே அது மாறாத கோட் என்றுதான் பெரும்பாலும் பொருள். அழுத்தும் ஒவ்வொரு தரமும் மாறும் கோட், அதாவது உருளும் கோட், உள்ள றிசீவருக்கு மாறுவது நல்லது. போர்டில் லேர்ன் பட்டனை லைற் அணையும்வரை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்தார். பிறகு பட்டனை ஒருமுறை தட்டி, கையில் இருந்த றிமோட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டு தரம் அழுத்திச் சேர்த்தார். ஒன்றில் பற்றறி இறங்கியிருந்தது. 23ஏ என்று எழுதிய 12 வோல்ற் குட்டி, சந்திக் கடையிலேயே இருந்தது.